மலையகத்திலிருந்து இரசாயனவியல், உயிரிரசாயனவியல் பட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் படித்தது இரசாயனவியல். சனி, ஞாயிறுகளில் ஹட்டனில் உயர்தர வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்து பஸ் ஏறும்வரை யாராவது ஒரு பிள்ளை பின்னாலேயே வந்து கேட்கும் கேள்விகள் இவை. பெற்றோர் போனில் கேட்பவையும் கலந்திருக்கின்றன. ஒரே பதிலை வாரத்துக்கு வாரம் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். விதிகள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். நீங்கள் விண்ணப்பிக்கும் வருடத்துக்கான பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இருப்பதுதான் கடைசிச் சொல். அது தமிழிலும் வருகிறது, வாங்கி வாசியுங்கள்.

அக்கா, கெமிஸ்ட்ரிக்கும் பயோகெமிஸ்ட்ரிக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒண்ணுதானே?

இரண்டும் நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. இரசாயனவியல் பட்டத்தில் சேதனம், அசேதனம், பௌதிக இரசாயனம், பகுப்பாய்வு என்று நான்கு பகுதிகள் இருக்கும். தண்ணீரில் எவ்வளவு நைத்திரேற்று இருக்கிறது என்று அளப்பது, ஒரு மருந்து மூலக்கூறைப் படிப்படியாகத் தொகுப்பது, தாக்கம் ஒன்று ஏன் இந்த வேகத்தில் நடக்கிறது என்று கணிப்பது எல்லாம் இதற்குள் வரும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வேகத் தாமதமாகிறது. இதற்குக் காரணம் சொல்வது பௌதிக இரசாயனம்.

அந்தப் பருப்பிலுள்ள புரதம் உங்கள் வயிற்றில் எந்த நொதியத்தால் உடைகிறது, உடைந்த அமினோ அமிலம் எங்கே போகிறது, அதில் கோளாறு வந்தால் என்ன நோய் என்று கேட்பது உயிரிரசாயனவியல். புரதம், நொதியம், டி.என்.ஏ., அனுசேபம் ஆகியவைதான் அதன் அன்றாடச் சரக்கு. மனப்பாடமும் அதிகம். கணக்கு பிடித்தவர்கள் முதலாவதிலும், உயிரினம் எப்படி இயங்குகிறது என்ற ஆர்வம் உள்ளவர்கள் இரண்டாவதிலும் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதுக்கு ஏ.எல்.ல என்ன பாடம் எடுக்கணும்?

இரண்டு வழி உண்டு. பௌதிக விஞ்ஞானப் பிரிவு என்றால் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். உயிரியல் விஞ்ஞானப் பிரிவு என்றால் உயிரியல், இரசாயனவியல், அத்தோடு பௌதிகவியல் அல்லது விவசாய விஞ்ஞானம். இரண்டு வழியிலும் இரசாயனவியல் இருப்பதால் இரசாயனவியல் பட்டத்துக்குப் போகலாம். உயிரிரசாயனவியலுக்கு உயிரியல் பிரிவே நேர் வழி.

பௌதிகவியல் கஷ்டம் என்று விவசாய விஞ்ஞானத்துக்கு மாறுகிறவர்கள் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மருத்துவத்துக்குப் பௌதிகவியல் கட்டாயம். வேறு பல கற்கைநெறிகளும் அதைக் கேட்கின்றன. விவசாய விஞ்ஞானம் நல்ல பாடம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதினோராம் ஆண்டு முடிவில் எடுக்கும் அந்த முடிவோடு சில கதவுகள் மூடிவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். பெறுபேறு வந்த பிறகுதான் பட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. உண்மையில் பாதிக்கு மேற்பட்ட முடிவுகள் அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னரே எடுக்கப்பட்டுவிடுகின்றன, பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து பேசாமலேயே.

இஸட் ஸ்கோர்னா என்ன? என் கூட்டாளிக்கும் எனக்கும் ஒரே ரிசல்ட், ஆனா அவனுக்குக் கூட வந்திருக்கு.

ஏ, பி, சி என்பது பெரிய பெரிய பெட்டி. இஸட் புள்ளி அந்தப் பெட்டிக்குள் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்கிறது. 2001 முதல் அனுமதி இதை வைத்துத்தான் நடக்கிறது. ஒரு பாடத்தில் உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லோருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) வகுக்க வேண்டும். ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். இரசாயனவியலில் சராசரி 45, நியம விலகல் 15, நீங்கள் எடுத்தது 60 என்றால் இஸட் 1. இன்னொரு பாடத்தில் சராசரி 55, நியம விலகல் 10, அதிலும் நீங்கள் 60 என்றால் இஸட் 0.5 தான். புள்ளி ஒன்று, பெறுமதி வேறு. மூன்று பாடத்தின் இஸட்டையும் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இஸட் புள்ளி.

ஆகவே மற்றவர்களுக்குக் கஷ்டமாக வந்த வினாத்தாளில் நீங்கள் நன்றாகச் செய்திருந்தால் லாபம். 'இந்த முறை பேப்பர் கஷ்டம், நான் போய்விட்டேன்' என்று அழுகிறவர்களுக்கு நான் சொல்வது, எல்லோருக்கும்தான் கஷ்டம் என்பதையே. மூன்று பாடத்திலும் குறைந்தது சாதாரண சித்தி வேண்டும், உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி வேண்டும். இஸட்டை மட்டும் பார்த்துக்கொண்டு இந்த 30 ஐ மறந்துவிடாதீர்கள்.

எங்க ஸ்கூல்ல சயன்ஸ் இல்ல மிஸ். மகள கண்டில சேர்த்தா நல்லதா?

என்னிடம் வரும் கேள்விகளில் அதிகம் யோசித்துப் பதில் சொல்ல வேண்டியது இதுதான்.

அனுமதி எப்படி நடக்கிறது என்று முதலில் பாருங்கள். விஞ்ஞானக் கற்கைநெறிகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிக்கப்படுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கொடுக்கப்படுகிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச இஸட் புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு, கண்டியின் வெட்டுப்புள்ளி பொதுவாக நுவரெலியாவைவிட மேலே நிற்கும்.

உங்கள் மாவட்டம் எது என்பதை வீட்டு விலாசம் தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தீர்கள் என்பதே பொதுவாகக் கணக்கு. வெளி மாவட்டப் பிள்ளைகள் பரீட்சை நேரத்தில் மட்டும் இங்கே வந்து நம் இடங்களை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பதற்காக இருக்கிற விதி அது. ஆனால் அதே விதி நம் பிள்ளையையும் பிடிக்கும். நானுஓயாவில் பிறந்து வளர்ந்த பிள்ளை சாதாரண தரம் முடித்து உயர்தரம் இரண்டு வருடமும் கண்டியில் படித்தால், அந்தப் பிள்ளை பெரும்பாலும் கண்டி மாவட்டக் கணக்கில்தான் போட்டியிடும். இதைத் தெரியாமல் நகையை அடகு வைத்து போர்டிங்கில் விட்ட பெற்றோரை எனக்குத் தெரியும்.

அதற்காகப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. நல்ல ஆசிரியர், திறந்த ஆய்வுகூடம், ஆங்கிலச் சூழல் கிடைத்தால் இஸட் புள்ளியே ஏறலாம். ஆனால் ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி மாதிரி மாவட்டத்துக்குள்ளேயே தமிழில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகளை முதலில் பாருங்கள். பாடசாலை இங்கே, வார இறுதி டியூஷன் வேண்டுமானால் கண்டியில் என்று வைத்துக்கொண்டால் மாவட்டம் மாறாது. டியூஷன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

டொக்டருக்குக் கிடைக்கலன்னா பயோ சயன்ஸ் போகலாம்னு இருக்கேன். சரிதானே?

போகலாம். ஆனால் மனநிலையை மாற்றிக்கொண்டு போங்கள். மருத்துவம் கிடைக்காத துக்கத்தோடு முதல் வருடம் வருகிறவர்கள் விரிவுரையில் இருந்துகொண்டே மனதால் வேறெங்கோ இருப்பார்கள். முதலாம் வருடப் புள்ளிதான் பின்னால் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு வழிவிடும் அல்லது அடைக்கும். எழுந்து நிற்பதற்குள் அது போய்விடும்.

விண்ணப்பத்தில் வரிசை போடும்போது உங்களுக்கு உண்மையில் பிடித்ததை மேலே போடுங்கள். 'இது கிடைக்காது, மேலே போட்டால் வீணாகிவிடும்' என்ற பயம் தேவையில்லை. மேலே போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அதற்காகத் தண்டனை எதுவும் இல்லை. பிடிக்காததை மேலே போட்டு அது கிடைத்துவிட்டால்தான் சிக்கல், கீழே உள்ளது உங்களுக்கு வராது.

எந்த கெம்பஸ் நல்லது?

இரசாயனவியல் திணைக்களம் உள்ள விஞ்ஞான பீடங்கள் பேராதனை, கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி, யாழ்ப்பாணம், றுகுணு, கிழக்கு என்று பரவலாக இருக்கின்றன. சபரகமுவ, ரஜரட்ட, வயம்ப, வவுனியா, தென்கிழக்கு ஆகியவற்றில் பிரயோக விஞ்ஞானம் என்ற பெயரில் இருக்கும். கொழும்பில் உயிரிரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும் தனிக் கற்கைநெறியாகவே உண்டு. மற்ற இடங்களில் உயிரியல் விஞ்ஞானத்துக்குள் நுழைந்து, உள்ளே போன பிறகு அந்தப் பக்கம் திரும்ப வேண்டும்.

ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பேராதனை பக்கம் என்பது சிறிய விஷயம் இல்லை. காய்ச்சல் வந்தால் அம்மா அன்றைக்கே வந்து பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் தமிழ்ச் சூழல் கிடைக்கும், ஆனால் பிரயாணம் நீளம். பெயரைப் பார்க்காமல் அந்தப் பீடத்தில் எத்தனை பேரைச் சிறப்புப் பட்டத்துக்கு எடுக்கிறார்கள், நான்காம் வருடத்தில் ஆய்வுச் செயற்திட்டம் எப்படி நடக்கிறது என்று அங்கே படிக்கும் ஒருவரிடம் கேளுங்கள்.

தோட்டத்துப் புள்ள, இங்கிலீஷ் வராது. சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் தானாக நடக்காது. உயர்தரம் தமிழில் எழுதலாம், பட்டம் ஆங்கிலத்தில்தான். முதல் கிழமையிலேயே விரிவுரையாளர் வேகமாகப் பேசிக்கொண்டு போவார். நமக்குப் பாடம் தெரியும், அவர் சொல்வது அந்தப் பாடம்தான் என்பது மட்டும் தெரியாது. நொதியம் என்று படித்தவனுக்கு என்சைம் என்றால் விழிக்க வேண்டியிருக்கும். ஒட்சியேற்றம் ஒக்சிடேஷன் ஆகும், நியமிப்பு டைட்ரேஷன் ஆகும்.

காசு செலவில்லாத ஒரு வழி சொல்கிறேன். உயர்தர வினாத்தாள் மூன்று மொழியிலும் வருகிறது. ஒரே வருடத்தின் இரசாயனவியல் வினாத்தாளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எடுத்து அருகருகே வையுங்கள். வினா உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், ஆகவே ஆங்கிலம் தானே விளங்கும். பன்னிரண்டாம் ஆண்டிலிருந்து வாரம் ஒரு வினாத்தாள் இப்படிப் பார்த்தாலே கலைச்சொல் பயம் போய்விடும். பரீட்சைக்கும் அனுமதிக்கும் இடையே நீண்ட இடைவெளி வரும், அந்த மாதங்களை ஆங்கிலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிங்களமும் கொஞ்சம் பேசப் பழகினால் ஹொஸ்டலிலும் அலுவலகத்திலும் வாழ்க்கை லேசாகும்.

ஸ்கூல்ல லெப் பூட்டியே கிடக்கு. ப்ரக்டிகலே செஞ்சதில்ல. கெம்பஸ்ல அவமானமா இருக்குமா?

உயர்தரத்தில் தனியாகச் செய்முறைப் பரீட்சை இல்லாததால் பல பாடசாலைகளில் ஆய்வுகூடம் இப்படித்தான் இருக்கிறது. நீங்கள் மட்டும் இல்லை, நகரத்துப் பிள்ளைகளிலும் பலர் அளவியை (பியூரெட்) கையில் பிடிப்பது பல்கலைக்கழகத்தில்தான்.

முதல் செய்முறை பெரும்பாலும் அமில மூல நியமிப்பாக இருக்கும். அளவியில் சோடியம் ஐதரொட்சைட்டு, கீழே கூம்புக் குடுவையில் அமிலமும் இரண்டு துளி பினோப்தலீனும். இடது கையால் அளவியின் திருகைப் பிடித்துக்கொண்டு வலது கையால் குடுவையைச் சுழற்ற வேண்டும். முதலில் வேகமாக விடலாம். துளி விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு வந்து, சுழற்றியதும் மறையும். மறைய நேரமெடுக்க ஆரம்பித்ததும் கையைக் குறைத்து ஒவ்வொரு துளியாக விட வேண்டும். வெள்ளைத் தாளுக்கு மேல் வைத்துப் பார்த்தால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லிய சிவப்பு நிற்க வேண்டும், அதுதான் முடிவுப் புள்ளி. ரோஸ் கலரில் பளபளவென்று வந்துவிட்டால் கடந்து போய்விட்டீர்கள், மறுபடி முதலிலிருந்து. பார்க்க அழகாக இருக்கும், புள்ளி கிடைக்காது. இது மூளைக்கான வேலை இல்லை, கைப்பழக்கம். கொழுந்து பறிக்கும் கை வேகத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை.

இப்போதே ஆசிரியரிடம் போய் ஒரு நாளாவது ஆய்வுகூடத்தைத் திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து கேட்டால் பெரும்பாலும் திறப்பார்கள்.

மாசம் எவ்வளவு செலவாகும்? எங்களால தாங்க முடியுமா?

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. செலவு சாப்பாடு, பிரயாணம், நகல் எடுப்பது, ஹொஸ்டல் கிடைக்காத வருடங்களில் போர்டிங் வாடகை, அத்தோடு ஒரு மடிக்கணினி. இரசாயனவியல் மாணவருக்கு ஆய்வுகூட மேலங்கியும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும், அவை பெரிய தொகை இல்லை.

1981 இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5,000 ரூபாயாக இருந்தது, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கப்பட்டது. அது கிடைக்காதவர்களுக்கு உதவுதொகை உண்டு. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயம் வழியாக இயங்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியத்தின் புலமைப்பரிசிலும் இருக்கிறது, அதைப் பற்றிக் கேள்விப்படாத பிள்ளைகள் இன்னமும் நிறைய. வருமானத்துக்குச் சம்பளச் சிட்டை மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கிராம சேவகர், பிரதேச செயலகம் என்று கையெழுத்து ஏறி வர நாளெடுக்கும்.

பர்த் சேர்டிபிகேட்ல ஒரு பேர், ஸ்கூல்ல ஒரு பேர். பரவால்லயா?

பரவாயில்லை என்று விடாதீர்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே திருத்துங்கள். தோட்டத்தில் பதிந்த பழைய சான்றிதழ்களில் இது சகஜம். பல்கலைக்கழகப் பதிவு நாளில் ஓடித்திரிவதைவிட இப்போது பிரதேச செயலகத்துக்கு இரண்டு தடவை போவது மேல்.

மூணு வருஷமா, நாலு வருஷமா?

பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு. உள்ளே போகும்போது பெரும்பாலும் மூன்று பாடத்தோடு தொடங்குவீர்கள். ஓரிரு வருடம் கழித்து பெறுபேற்றைப் பார்த்து இரசாயனவியலிலோ மூலக்கூற்று உயிரியலிலோ சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு செய்வார்கள். இடம் குறைவு, போட்டி உண்டு.

ஆராய்ச்சி, வெளிநாட்டு மேற்படிப்பு, நல்ல ஆய்வுகூட வேலை என்று கனவு இருந்தால் நான்கு வருடம் வேண்டும், அந்தக் கடைசி வருட ஆய்வுச் செயற்திட்டம்தான் உங்களை இரசாயனவியலாளர் ஆக்கும். வீட்டில் சம்பாத்தியம் அவசரமாகத் தேவை என்றால் மூன்று வருடத்தில் வெளியே வருவதில் வெட்கம் ஒன்றுமில்லை. உயிரியல் பிரிவிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பௌதிக இரசாயனத்தில் வகையீடும் தொகையீடும் வரும். இணைந்த கணிதம் படித்த நண்பர் ஒருவரைப் பிடித்து இடைவெளி மாதங்களில் அடிப்படையையாவது பழகுங்கள்.

இஸட் ஸ்கோர் பத்தல. வேற வழியே இல்லயா?

இருக்கிறது. இராஜகிரியவில் உள்ள இலங்கை இரசாயனவியல் நிறுவகம் 1971 இல் தொடங்கியது. 1979 முதல் நடத்திவரும் அதன் நான்கு வருடக் கற்கைநெறி சிறப்புப் பட்டத்துக்குச் சமமாக மதிக்கப்படுகிறது. அதில் படித்து வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் எடுத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் கட்டணம் உண்டு, கொழும்பில் தங்கும் செலவும் சேரும். அங்கேயே ஆய்வுகூடத் தொழில்நுட்ப டிப்ளோமா ஒன்றும் இருக்கிறது, வேலை பார்த்துக்கொண்டு ஏற நினைப்பவர்களுக்கு அது நல்ல படி. அந்தக் கட்டடத்தின் பெயர் அடமண்டேன் இல்லம். அடமண்டேன் பத்துக் காபனும் பதினாறு ஐதரசனும் கொண்ட அழகான கூண்டு மூலக்கூறு. இரசாயனவியல்காரர்கள் வீட்டுக்கு இப்படித்தான் பெயர் வைப்பார்கள்.

திறந்த பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானமாணிப் பட்டம் இன்னொரு வழி. கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. பாடத்துக்குப் பாடம் கட்டணம், வேலையோடு படிக்கலாம். நீளும், பொறுமை வேண்டும்.

பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். அங்கே தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும் என்றே ஒரு பட்டம் உண்டு. அதுவும் அரச பல்கலைக்கழகம்தான், அனுமதி கைநூல் வழியாக. பெயரில் இரசாயனவியல் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

ரெண்டாவது தடவ எழுதலாமா?

மூன்று தடவை எழுதலாம், நல்ல பெறுபேறு எதுவோ அதை வைத்து விண்ணப்பிக்கலாம். வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் தவறியவர்களுக்கு இரண்டாம் முறை நியாயம். எந்தப் பாடத்தில் இஸட் சரிந்தது என்று பார்த்து அதில் பாடுபடுங்கள். மூன்றாம் முறையையும் மருத்துவத்துக்காகவே செலவழிப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கிடைத்த கற்கைநெறியில் ஒரு தடவை பதிந்துவிட்டால் மறுபடி விண்ணப்பிப்பதில் தடைகள் வரும், கைநூலில் அந்தப் பகுதியை வாசிக்காமல் பதியாதீர்கள்.

பொம்பளப் புள்ளய தூரமா அனுப்பப் பயமா இருக்கு. ராகிங் அது இதுன்னு சொல்றாங்களே?

பயம் நியாயமானது. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், ஆனாலும் முற்றாக ஒழியவில்லை. மாணவ ஆலோசகரின் தொலைபேசி இலக்கத்தை முதல் நாளே பிள்ளையின் போனில் பதிந்து வையுங்கள். முதலாம் வருடத்தில் ஹொஸ்டலுக்கு விண்ணப்பிக்கத் தவற வேண்டாம். ஒரே ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் அங்கே இருக்கிறார்களா என்று விசாரியுங்கள், பாதிப் பயம் அதிலேயே குறையும். இரசாயனவியல் வகுப்புகளில் பெண் பிள்ளைகள் ஏராளம். தனியாக நிற்க வேண்டி வராது.

அப்பா பெக்டரில வேல. கெமிஸ்ட்ரி படிக்கப்போறேன்னா 'மருந்துக்கடையா?'ன்னு கேக்குறார். எப்படிச் சொல்றது?

அவர் வேலையையே சொல்லிக் காட்டுங்கள். வாட்டும் தட்டில் கொழுந்து ஈரம் இறங்கித் துவள்கிறது. ரோலரில் போட்டு உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனி அறையில் இருந்த கற்றெக்கின் என்ற சேர்வைகளும் பொலிபீனோல் ஒட்சிடேஸ் என்ற நொதியமும் அப்போது ஒன்றாகக் கலக்கின்றன, காற்றிலுள்ள ஒட்சிசன் சேருகிறது. பச்சை மாறிச் செம்பு நிறம் வருகிறதே, அது தியாபிளேவின், தியாரூபிஜின் என்ற நிறப்பொருட்கள் உருவாகும் நேரம். மணம் மாறுவதை வைத்தே உங்கள் அப்பா இப்போது அடுப்பில் போட வேண்டும் என்று சொல்லிவிடுவார். சூடு பட்டதும் நொதியம் செயலிழந்து தாக்கம் நிற்கிறது. கொஞ்சம் பிந்தினால் தேநீரின் துடிப்பு போய்விடும், முந்தினால் பச்சை வாடை.

இது முழுக்க உயிரிரசாயனவியல். தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் இதைத்தான் ஆராய்கிறது. அது 1925 இல் தொடங்கப்பட்டது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகாத மலையகத்தவர் குறைவு. உள்ளே இரசாயனவியலாளராக வேலை செய்யலாம் என்று நினைத்துப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

வேல கிடைக்குமா? உண்மையச் சொல்லுங்க.

உண்மையைச் சொன்னால், பட்டத்தைக் காட்டியதும் கதவு திறக்கும் துறை இல்லை. வேலைகள் இருக்கின்றன: தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள், அரச பகுப்பாய்வாளர் திணைக்களம், கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம், பெயின்ட், இறப்பர், மருந்து, உணவு உற்பத்தி, ஆடைத் துணிகளின் சாயம், தேயிலை ஏற்றுமதிக் கொம்பனிகளின் தரக்கட்டுப்பாடு. இவற்றில் பெரும்பாலானவை மேல் மாகாணத்தில். மலையிலேயே இருந்து வேலை பார்க்க வேண்டும் என்றால் தெரிவு குறுகும்.

நேர்முகத்தில் கேட்பது எந்தக் கருவியில் கை வைத்திருக்கிறீர்கள் என்பது. வாயு நிறப்பகுப்பு, திரவ நிறப்பகுப்பு, நிறமாலைமானி இவற்றில் மூன்றாம் வருடத் தொழிற்பயிற்சியில் பழகியவர்களுக்கு வேலை சீக்கிரம் அமைகிறது. பயிற்சி இடத்தைத் திணைக்களம் பார்த்துத் தரும் என்று காத்திருக்காமல் நீங்களே எழுதிக் கேளுங்கள்.

பயோகெமிஸ்ட்ரி முடிச்சா ஆஸ்பத்திரி லெப்ல சேரலாம்தானே?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அரச ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்பவர் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். அதற்கு வேறு படிப்பு, இலங்கை மருத்துவச் சபையில் பதிவும் வேண்டும். அந்த வேலைதான் உங்கள் இலக்கு என்றால் விண்ணப்பத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தை மேலே போடுங்கள். உயிரிரசாயனவியல் பட்டம் ஆராய்ச்சி, மூலக்கூற்று ஆய்வுகூடங்கள், மருந்து மற்றும் நோய் கண்டறியும் பொருட்களை விற்கும் கொம்பனிகள் ஆகிய பக்கங்களுக்கு வழி. ஒன்று மற்றதற்குப் பதிலாகாது.

கடைசில டீச்சராத்தான் வரணுமா?

வர வேண்டிய கட்டாயம் இல்லை. வந்தால் எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் மலையகத்தில் தமிழில் இரசாயனவியல் கற்பிக்கப் பட்டதாரி இல்லாததால்தான் பல பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவே ஆரம்பிக்க முடியவில்லை. பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்குப் போட்டிப் பரீட்சை வரும், பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்யலாம். 'வேறொன்றும் கிடைக்கவில்லை' என்று வருகிறவர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தியாவுக்குப் போய்ப் படிக்கலாமா?

இந்திய அரசு இலங்கை மாணவர்களுக்குக் கொடுக்கும் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில் இளமாணிப் பட்டத்துக்கும் உண்டு, விஞ்ஞானமும் அதில் அடங்கும். கல்வி அமைச்சு விண்ணப்பம் கோரும்போது பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருங்கள். சொந்தச் செலவில் தனியார் கல்லூரிக்குப் போவதென்றால், அந்தப் பட்டத்தை நம் மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்குமா என்பதைக் காசு கட்டுவதற்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்யுங்கள். முகவர் வாயால் சொல்வது போதாது.

நான் மெத்ஸ் படிக்கிறேன் அக்கா. ஆனா இப்ப பயோகெமிஸ்ட்ரிதான் பிடிச்சிருக்கு. மாற முடியாதா?

பதின்மூன்றாம் ஆண்டில் இருக்கிறீர்கள் என்றால் பிரிவை மாற்ற வேண்டாம். பௌதிக விஞ்ஞானத்தில் நுழைந்து, இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் எடுத்து, அதற்குள் வரும் உயிரிரசாயன அலகுகளைத் தெரிவு செய்து, கடைசி வருடச் செயற்திட்டத்தையும் புரதம் அல்லது நொதியம் சார்ந்ததாக எடுங்கள். சிறப்புப் பட்டத் தெரிவு எப்படி என்று மேலே மூன்று வருடம், நான்கு வருடக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். கலத்தின் அமைப்பு, பரம்பரை மாதிரி அடிப்படை உயிரியலை நீங்களே வாசித்து நிரப்ப வேண்டியிருக்கும்.

அதன் பிறகு முதுமாணிக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிரித் தொழில்நுட்ப நிறுவகமும் பேராதனையிலுள்ள விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகமும் இருக்கின்றன. புரதத்தின் வடிவத்தைக் கணினியில் கணிப்பது, நொதியத் தாக்க வேகத்தை மாதிரிப்படுத்துவது போன்ற வேலைகளில் கணிதம் தெரிந்தவர்களுக்குத்தான் கை ஓங்கும். இணைந்த கணிதத்தை வெறுத்து ஒதுக்காமல் ஒரு நல்ல பெறுபேற்றோடு முடித்துவிட்டு வாருங்கள்.